கொடுத்தபின் கடமை முடிந்ததா?

கொடை என்றதும் நம் நினைவில் முதலில் எழுவன சோறும் பொருளும் ஆகும். பசித்தவனுக்கு ஒருவன் சோறிடுகிறான். உண்டவன் பசி தீர்ந்தது. இட்டவன் கடமையும் தீர்ந்தது. அக்கொடை அன்றோடு நிறைவுறுகிறது. ஆனால், ஒருவன் மற்றொருவனுக்கு ஒரு கருவியைக் கொடுப்பானாயின், அக்கொடை எப்பொழுது நிறைவுறுகிறது? பெற்றவன் அக்கருவியைக் கொண்டு வேறொரு பொருளைச் செய்கிறான். அப்பொருளை நம்பி மூன்றாமவன் ஒருவன் வாழ்கிறான். கருவியில் ஒரு குறை ஒளிந்திருந்தால், அது பெற்றவனையும் தாண்டிச் சென்று, கொடுத்தவன் முகமே அறியாத அந்த மூன்றாமவனைத் தாக்குகிறது. அப்பொழுது, "நான் கொடுத்தேன்; அதனோடு என் கடமை முடிந்தது" என்று முதலில் கொடுத்தவன் சொல்லலாமா?

இவ்வினா பழமையானது. உளி செய்து தந்த கொல்லன் காலத்திலும் இது இருந்திருக்கும். ஆயினும், நம் காலத்தில் இது ஒரு புதிய இடத்திலிருந்து எழுந்து வந்து, எங்கள் பள்ளியின் கதவையே தட்டியது. அதனைச் சொல்லித் தொடங்குவதே முறை.

ஒரு மாணவியின் சொல்

எங்கள் பள்ளியின் பின்புறத்தில் சில கீரைப்பாத்திகள் உள்ளன. எந்திரவியல் கழக மாணவர்கள் மண்ணின் ஈரத்தை அளந்து, பாத்தி காய்ந்தால் தானே நீர் பாய்ச்சும் ஒரு சிறு கருவியை அமைத்தனர். அதற்கு வேண்டிய ஈர உணரியை ஒரு விற்பனையாளரிடம் வாங்கினோம். உணரியோடு, அதனைக் கணினி நிரலில் பயன்படுத்துவதற்கு உரிய கோப்பு ஒன்றும் வந்தது. இரண்டு மாதங்கள் கருவி ஒழுங்காக உழைத்தது.

பள்ளி விடுமுறையின்போது கணினிக் கூடத்தில் இருந்த கருவித்தொகுப்பு புதிய பதிப்புக்கு மாற்றப்பட்டது. விடுமுறை முடிந்து மாணவர்கள் தங்கள் நிரலை மீண்டும் சில்லில் ஏற்றியதும் தொல்லை தொடங்கிற்று. பாத்தி வெடித்துக் காய்ந்தாலும் ஒரே எண். நீர் தேங்கி நின்றாலும் அதே எண். மூன்று சனிக்கிழமைகள் பிள்ளைகள் தாங்கள் எழுதிய நிரலை வரிவரியாக மாற்றிப் பார்த்தனர். மூன்றாம் சனிக்கிழமை மாலையில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, நான்தான் எங்கேயோ தப்பாக எழுதிவிட்டேன். எனக்கு இதெல்லாம் வராது, ஐயா. என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றாள்.

பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் தீபாவளி விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். அவர் அரைமணி நேரத்தில் காரணத்தைக் கண்டு சொன்னார். விற்பனையாளர் தந்த கோப்பு, கருவித்தொகுப்பின் பழைய பதிப்புக்கென்று செய்யப்பட்டது. அது மூலநிரலாகத் தரப்படவில்லை. இயந்திர மொழியாக மாற்றி மூடப்பட்டிருந்தது. எந்தப் பதிப்புக்கு உரியது என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. செய்தவர் பெயர் இல்லை, நாள் இல்லை. 'புதியது 2' என்பதே கோப்பின் பெயர். பழைய கருவித்தொகுப்பை மீண்டும் அமைத்ததும் உணரி உயிர்பெற்றது.

குறை அம்மாணவியிடம் இல்லை. அவளுடைய நிரலில் ஓர் எழுத்தும் பிழையில்லை. ஆயினும், பதினொரு வயதுச் சிறுமி மூன்று வாரங்கள் தன்னையே குறைகூறிக்கொண்டாள். யாரோ ஒருவர் ஒரு வரி எழுதாமல் விட்டதன் விலை அது.

பொதிக்குள் இருப்பவை

துணி துவைக்கும் இயந்திரம், மின்தூக்கி, சாலை விளக்கு, மருத்துவமனையில் நோயாளியின் உடலில் மருந்தை அளந்து ஏற்றும் கருவி ஆகிய அனைத்தினுள்ளும் இன்று ஒரு சில்லு இருக்கிறது. அச்சில்லு என்ன செய்யவேண்டும் என்று கூறும் கட்டளைகள் அக்கருவியின் நினைவகத்திலேயே பதிக்கப்பட்டிருக்கும். அவற்றை ஃபர்ம்வேர் என்பர். தமிழில் நிலைப்பொருள் எனலாம்.

நிலைப்பொருள் எழுதுவோர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. உணரியைப் படிப்பது, கம்பியில்லாத் தொடர்பை ஏற்படுத்துவது, நேரத்தைக் கணக்கிடுவது போன்ற வேலைகளுக்கெனப் பிறர் முன்பே எழுதி வைத்த பகுதிகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வர். அப்பகுதிகளின் தொகுதியை லைப்ரரி, அதாவது நிரல்நூலகம் என்பர். நிரல்நூலகங்களையும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளையும், எடுத்துக்காட்டுகளையும் ஒன்றாகக் கட்டிக் கொடுப்பதே கருவித்தொகுப்பு.

செவ்வனே கட்டிய பொதி ஒன்றில் நிரல் மட்டும் இராது. எந்தெந்தச் சில்லுகளில் அது இயங்கும் என்ற குறிப்பு இருக்கும். அது பிறருடைய எந்தெந்த நூலகங்களைச் சார்ந்து நிற்கிறது என்ற பட்டியல் இருக்கும். எவ்வாறு பயன்படுத்தலாம் என்று கூறும் உரிமம் இருக்கும். சென்ற பதிப்புக்கும் இப்பதிப்புக்கும் உள்ள வேறுபாடுகளைக் கூறும் மாற்றக் குறிப்பு இருக்கும். வழியில் எவரும் கோப்பைத் திரிக்கவில்லை என்று பெறுபவர் சோதித்தறிய ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும்.

இவற்றோடு பதிப்பெண் ஒன்றும் உண்டு. 2.4.1 என்பது போல மூன்று எண்களை எழுதுவது பல நூலகங்கள் பின்பற்றும் மரபு. மூன்றாம் எண் மட்டும் உயர்ந்தால், பிழை திருத்தப்பட்டது என்பது பொருள். இரண்டாம் எண் உயர்ந்தால், புதிய வசதி சேர்ந்தது. பழைய நிரல்களுக்குக் கேடு இல்லை என்பது பொருள். முதல் எண் உயர்ந்தால், பழைய நிரல்கள் இனி இயங்காமற் போகலாம் என்று எச்சரிக்கை. ஆக, பதிப்பெண் என்பது வெறும் எண்ணன்று; எண் வடிவில் கொடுத்த வாக்கு. முதல் எண்ணை உயர்த்தாமலே பழைய நிரல்களை உடைத்துவிடுபவர் கணக்கில் தவறவில்லை, சொல்லில் தவறுகிறார்.

பாயிரம் கூறும் நெறி

தமிழாசிரியராகிய நமக்கு இம்முறை புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலைக் கற்பதற்கு முன் அந்நூலைப் பற்றி அறியவேண்டுவன எவை என்பதைப் பாயிரவியலில் வரையறுக்கிறது. சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவை எட்டு என்பது அதன் முடிபு. இயற்றியவர் யார், நூலின் பெயர் யாது, அது எந்த முன்னூலின் வழி வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, எதைப் பற்றியது, யார் கற்கத்தக்கது, கற்பதால் என்ன பயன் என்பன அவற்றுள் அடங்கும். நூல் தோன்றிய காலம், அது அரங்கேறிய களம், அது தோன்றியதன் காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கூறுவாரும் உளர் என்று நன்னூலே குறிக்கிறது.

இவற்றை இன்றைய கருவித்தொகுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவருடைய ஆக்கம்? எந்த நூலகங்களைச் சார்ந்தது? எந்தச் சில்லுகளின் எல்லைக்குள் இயங்கும்? யாருக்காகச் செய்யப்பட்டது? எந்த நாளில் வெளியாயிற்று? எந்தக் காரணத்தால் இப்பதிப்பு தேவைப்பட்டது? ஏறத்தாழ எல்லாம் அங்கே உள்ளன. பனையோலைக்கும் சில்லுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆயினும், பிறர் கையில் அறிவை ஒப்படைக்கும்போது எதையெல்லாம் சொல்லவேண்டும் என்ற வினாவுக்கு விடை பெரிதும் மாறவில்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதிக்கொள்வது முறையன்று. அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுதவேண்டும். நூலைச் செய்தவர் வேறு. நூலுக்குச் சான்று கூறுபவர் வேறு. தற்புகழ்ச்சியைத் தவிர்ப்பதற்கென்று மட்டும் இதனைக் கொள்ளலாகாது. செய்தவர் கண்ணுக்குப் படாதது மற்றவர் கண்ணுக்குப் படும் என்ற உண்மையும் இதில் அடங்கியுள்ளது. இதன் அருமை பின்னே விளங்கும்.

மறுத்தலும் மறைத்தலும்

நல்ல பொதிக்கு ஒரு சான்று காண்போம். பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்ட மைக்ரோபிட் என்னும் சிறு கணினி அட்டையைப் பல ஆசிரியர்கள் அறிவர். பிபிசி நிறுவனம் பல கூட்டாளர்களோடு சேர்ந்து, 2016இல் பிரித்தானியாவின் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு இதனை இலவசமாக வழங்கியது. அதன் அடிப்படை நிரல்நூலகத்தை லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் எழுதினர். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம்.

2020இல் அவ்வட்டையின் இரண்டாம் வடிவம் வெளிவந்தது. முதல் வடிவத்தில் 16 கிலோபைட்டாக இருந்த செயல் நினைவகம் இரண்டாம் வடிவத்தில் 128 கிலோபைட் ஆயிற்று, சில்லும் மாறியது. முதல் வடிவத்துக்கு உரிய இயந்திர மொழிக் கோப்பு இரண்டாம் வடிவத்தில் இயங்காது. பழைய அட்டைகளையும் புதிய அட்டைகளையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கும் பள்ளிகளின் நிலை என்னாவது? பெட்டியிலிருந்து எந்த அட்டை கைக்கு வந்தது என்பதை அறியாத மாணவன் யாரைக் குறைகூறுவான்? தன்னைத்தான். இதனை உணர்ந்து, இரண்டு அட்டைகளுக்கும் உரிய நிரல்களை ஒரே கோப்பில் அடக்கும் முறை ஒன்றை அமைத்தனர். மாணவன் ஒரே கோப்பை ஏற்றுகிறான். அட்டை தனக்குரிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கோப்பு பெரிதாயிற்று; செய்தவர்க்கு வேலை மிகுந்தது. ஆனால், பிள்ளையின் தலையில் விழவேண்டிய சுமையைக் கொடுத்தவர்கள் தங்கள் தோளில் ஏற்றுக்கொண்டனர். பொதி கட்டுவதிலும் அருள் உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும், அதே அட்டையில் மூடிய பகுதி ஒன்றும் உண்டு. கம்பியில்லாத் தொடர்புக்கு உரிய புளூடூத் பகுதியை, சில்லினைச் செய்யும் நோர்டிக் செமிகண்டக்டர் என்ற நார்வே நிறுவனம் இயந்திர மொழியாகவே தருகிறது, மூலநிரலைத் தருவதில்லை. இது குற்றமா?

என் கருத்தில் இது குற்றமன்று. அந்நிறுவனம் அப்பகுதிக்குப் பெயரும் பதிப்பெண்ணும் இட்டு, எந்தச் சில்லுக்கு உரியது, எவ்வளவு நினைவகம் கொள்ளும், எவ்வாறு அழைக்கவேண்டும் என்பவற்றையும், ஒவ்வொரு பதிப்பிலும் செய்த மாற்றங்களையும் எழுதித் தருகிறது. தர மறுப்பது வேறு; தந்ததைப் பற்றி மறைப்பது வேறு. தன் உழைப்பின் நுட்பத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. "இது மூடியது, திறந்து காட்டமாட்டேன்" என்பவரிடம், வாங்கலாமா வேண்டாமா என்று நாம் சிந்தித்து முடிவு செய்யலாம். தன் பொருள் எதற்கு உரியது என்று கூறாமல் கையில் திணிப்பவர் நம் சிந்தனைக்கே இடம் தருவதில்லை. முதலாமவர் நம் கையைக் கட்டுகிறார். இரண்டாமவர் நம் கண்ணைக் கட்டுகிறார்.

வேர் தெரியாத மரம்

மறைவு எப்பொழுதும் தீய எண்ணத்தால் நேர்வதன்று. கைமாறும்போது குறிப்புகள் உதிர்ந்துபோவதாலும் நேரும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலுள்ள டிரெக் என்னும் சிறு நிறுவனம், கருவிகளை இணையத்தோடு இணைக்கும் நிரல்நூலகம் ஒன்றை 1990களின் பிற்பகுதியிலிருந்து விற்று வந்தது. திறமான நூலகம் அது. சிலர் அதனை நேரே வாங்கினர். சிலர் வேறு நிறுவனங்களின் வழியே பெற்றனர். ஜப்பானிய நிறுவனம் ஒன்றோடு ஏற்பட்ட கூட்டினால் அதன் மற்றொரு கிளை வேறு பெயரில் ஆசியாவில் பரவியது.

2020 ஜூன் திங்களில், ஜேஎஸ்ஓஎஃப் என்னும் இஸ்ரேலிய ஆய்வுக்கூடத்தார் அந்நூலகத்தில் 19 பாதுகாப்புக் குறைகளைக் கண்டு வெளியிட்டனர். அவற்றுள் சில, தொலைவிலிருந்தே ஒருவர் கருவியைத் தம் வயப்படுத்திக்கொள்ள இடம் தருபவை. அச்சுப்பொறிகள், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், மருந்தேற்றும் கருவிகள் எனக் கோடிக்கணக்கான கருவிகளில் அந்நூலகம் உறைந்திருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டனர். டிரெக் நிறுவனமும் திருத்திய பதிப்பை வெளியிட்டது.

ஆனால், திருத்தத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? இதுவே பெருந்தொல்லையாயிற்று. இருபது ஆண்டுகளில் அந்நூலகம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்று, பெயர் மாறி, வேறொன்றினுள் அடங்கி, எங்கெங்கோ வேரோடிவிட்டது. தங்கள் கருவியினுள் அது இருக்கிறதா என்பதை உடனே கூற இயலாத நிலையில் நிறுவனங்கள் இருந்தன. அதனை எங்கெங்கே பயன்படுத்துகிறார்கள் என்று தேடுவதே ஆய்வாளர்க்குத் தனி ஆய்வாயிற்று. மருந்து கிடைத்தது, நோயாளி யார் என்பது தெரியவில்லை. நூல் வந்த வழியைச் சொல் என்று பாயிரம் வற்புறுத்துவதன் பொருளை இங்கே காண்கிறோம்.

இந்நிகழ்ச்சி போன்றவற்றால் அரசுகளும் விழித்துக்கொண்டன. அமெரிக்க நடுவண் அரசுக்கு மென்பொருள் விற்போர் அதன் உள்ளடக்கப் பட்டியலைத் தரவேண்டும் என்ற நெறிக்கு 2021 மே திங்களில் அந்நாட்டு அதிபர் பிறப்பித்த ஆணை வழிவகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டமும் மின்னணுப் பொருள் செய்து விற்போருக்கு அத்தகைய பட்டியலைக் கடமையாக்குகிறது. உணவுப் பொட்டலத்தின்மேல் உள்ளே இருப்பவற்றை அச்சிடுவது போன்றதே இது.

இலவசமாகத் தந்தவரிடம் என்ன கேட்கலாம்?

இங்கே ஒரு தடை எழும். "விற்பவருக்கு இவையெல்லாம் கடமை என்பதை ஒப்புகிறோம். காசு வாங்காமல் தருபவருக்கும் இது பொருந்துமா? ஓய்வு நேரத்தில் உழைத்து, உலகுக்கு இலவசமாகக் கொடுத்தவரைப் பிடித்துக்கொண்டு, 'ஏன் குறிப்பு எழுதவில்லை? ஏன் திருத்தவில்லை?' என்று கேட்பது நன்றி கொன்ற செயலன்றோ?" என்று சிலர் வினவலாம்.

இத்தடை வலியுடையது. இலவச நிரல்நூலகங்களுள் மிகப் பலவற்றின் உரிமம், "உள்ளது உள்ளபடியே தருகிறேன், எவ்வகை உறுதியும் அளிக்கவில்லை" என்று வெளிப்படையாகக் கூறுகிறது. சட்டம் அதனோடு அவரை விட்டுவிடுகிறது. அறமும் விட்டுவிடுமா?

2024இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இவ்வினாவை இரு புறமும் திருப்பிக் காட்டுகிறது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற நூலகம் சில்லுகளுக்கென்று தனியே செய்யப்பட்டதன்று. உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் அது இருக்கிறது. அதனைப் பல ஆண்டுகள் பேணி வந்தவர் பின்லாந்து நாட்டு லாசே காலின் என்பவர். ஊதியம் இல்லை. உளச்சோர்வுக்கு ஆளான நிலையில், இஃது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணி என்பதை அவர் 2022இல் நினைவூட்ட வேண்டியதாயிற்று. ஏன் புதிய பதிப்பு வரவில்லை என்று நெருக்கியவர்களும் இருந்தனர். அவர்களுட் சிலர் போலிப் பெயரினர் என்பது பின்னாளில் எழுந்த ஐயம். உதவ முன்வந்த ஜியா டான் என்ற பெயருடையவர் நாளடைவில் நம்பிக்கையைப் பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்றார். 2024 பிப்ரவரி, மார்ச்சு திங்கள்களில் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்று புதைக்கப்பட்டிருந்தது. நஞ்சைச் சோதனைக் கோப்புகளின் உருவில் ஒளித்துவைத்தார். அதனை உயிர்ப்பிக்கும் சில வரிகளோ, எல்லாரும் படிக்கும் மூலநிரற் களஞ்சியத்தில் இல்லை. கட்டி வெளியிட்ட பொதியில் மட்டுமே இருந்தன. காட்டியது ஒன்று, கட்டியது வேறொன்று.

ஆந்திரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைக் கணினியில் நுழைவதற்கு அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கண்டு ஐயுற்றார். காரணத்தைத் தேடிச் சென்று, 2024 மார்ச்சு 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். கேடு பரவுமுன் தடுக்கப்பட்டது. செய்தவர் வேறு, சான்று கூறுபவர் வேறு என்று பாயிரம் வகுத்த முறை இங்கே நினைவுக்கு வருகிறது. வெளியீடு ஒருவர் கையிலேயே இருந்தபோது நேர்ந்த கேட்டை மற்றொருவர் கண் தீர்த்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நான் கொள்ளும் முடிபு இது: இலவசமாகக் கொடுத்தவரிடம் உழைப்பைக் கடனாகக் கேட்க நமக்கு உரிமை இல்லை, உண்மையைக் கடனாகக் கேட்க உரிமை உண்டு.

காலினிடம், "மேலும் உழை, விரைந்து உழை" என்று நெருக்கியது அறமன்று. அவர் களைத்தால் ஓய்வுகொள்ளலாம். பணியை விட்டுவிடவும் செய்யலாம். "இனி நான் இதனைப் பேணப்போவதில்லை, வேறு வழி பாருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு விலகுபவர் எவருக்கும் கடன்பட்டவரல்லர். ஆனால், ஒரு பொருளைப் பிறர் கையில் ஒப்படைக்கும்போது, அது இன்னது, இதனால் ஆனது, இந்த எல்லைக்குள் இயங்கும், இந்தக் குறையை நான் அறிவேன் என்று கூறும் கடமையை எந்த இலவசமும் நீக்கிவிடாது. சோறு இலவசம் என்பதற்காக, அதில் கல் இருப்பதை அறிந்தும் சொல்லாமல் பரிமாறலாமா? கல்லைப் பொறுக்கித்தரும் கடமை அவருக்கு இல்லாமற் போகலாம். கல் இருக்கிறது என்று சொல்லும் கடமை உண்டு.

உழைப்பு அளவுடையது, கொடுக்கக் கொடுக்கக் குறைவது. உண்மை அவ்வாறன்று. ஒரு வரி எழுதினால் போதும். ஆயிரம் பேர் மூன்று சனிக்கிழமைகளை இழக்காமல் காக்கலாம்.

பெறுபவர் கடமை

கொடுப்பவரை மட்டும் நிறுத்தி வினவுவது நடுவுநிலை ஆகாது. பெறுபவருக்கும் கடமைகள் உள்ளன. பொதியோடு வந்த குறிப்பைப் படிப்பது முதற்கடமை. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறோம் என்று எழுதிவைப்பது இரண்டாவது. குறை கண்டால் கொடுத்தவருக்கு அறிவிப்பது மூன்றாவது. பெற்றதைப் பிறருக்குக் கொடுக்கும்போது வந்த வழியை மறைக்காமல் சேர்த்துக் கொடுப்பது நான்காவது. எங்கள் பள்ளியில் நாங்களும் தவறினோம். கருவித்தொகுப்பை மாற்றும்முன் பழைய பதிப்பின் எண்ணைக் குறித்துவைக்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. இப்பொழுது கணினிக் கூடத்தின் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. எந்த நாளில் எது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாற்றப்பட்டது என்பதை மாணவர்களே அதில் எழுதுகின்றனர்.

என் கணக்கில் ஒரு பிழை

பிறர் குறையை இவ்வளவு எழுதியபின் என் குறை ஒன்றையும் எழுதுவதே நேர்மை. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியேற்ற சில ஆண்டுகளில், 1990களின் நடுப்பகுதியில், மின்சுற்று பற்றிய அறிவியல் பயிற்றி ஒன்றைத் தயாரித்தேன். ஸ்டென்சில் தாளில் தட்டச்சுச் செய்து, படங்களைக் கையால் வரைந்து, படியெடுத்து, அண்டைப் பள்ளிகள் மூன்றுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தேன். அதில் என் பெயரும் இல்லை, நாளும் இல்லை. தன்னடக்கம் என்று அன்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு படத்தில் இரண்டு மின்கலங்களின் நேர்முனைகள் ஒன்றையொன்று பார்த்திருக்குமாறு தவறாக வரைந்துவிட்டேன். அவ்வாறு இணைத்தால் விளக்கு எரியாது. அடுத்த ஆண்டே பிழையைக் கண்டு என் படியைத் திருத்திக்கொண்டேன். மற்றப் பள்ளிகளுக்குச் சொல்லவில்லை. வேலை மிகுதி என்றும், அவர்களே கண்டுகொள்வர் என்றும் காரணங்கள் இருந்தன. உண்மைக் காரணம் நாணமே.

நான்கு ஆண்டுகளுக்குப்பின் அப்பள்ளிகளுள் ஒன்றுக்குச் சென்றபோது, ஒரு மாணவியின் குறிப்பேட்டில் அதே படத்தைக் கண்டேன். அவ்வகுப்பின் ஆசிரியை, "இந்தச் சோதனை மட்டும் சரியாக வருவதே இல்லை, ஐயா. விளக்கு பழுது என்று புதிது வாங்கியும் எரியவில்லை. பிள்ளைகளுக்குத்தான் சரியாக இணைக்கத் தெரியவில்லை போலும்" என்றார். அப்படம் எவர் வரைந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிவதற்கு அதில் பெயரும் இல்லை. அன்று உண்மையைச் சொன்னேன். ஆனால், அந்த நான்கு ஆண்டுகளில் விளக்கை எரிக்க இயலாமல் தங்களையே குறைகூறிக்கொண்ட பிள்ளைகளிடம் நான் இனி எங்கே சென்று சொல்வேன்?

பெயர் போடாதது தன்னடக்கம் அன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பெயர் என்பது புகழுக்கு இட்ட முத்திரை மட்டுமன்று. குறை கண்டவர் வந்து தட்டுவதற்கு வைத்த கதவு. கதவே இல்லாத வீட்டில் யார் வந்து தட்டுவார்?

முடிவாக

நாம் நிலைப்பொருள் எழுதுவோர் அல்லர். ஆயினும், நாள்தோறும் பயிற்றிகளையும் வினாத்தாள்களையும் குறிப்புகளையும் செய்து பிறர் கையில் கொடுக்கிறோம். அவை நண்பரிடமிருந்து நண்பருக்கு, பள்ளியிலிருந்து பள்ளிக்கு, நாம் காணாத வகுப்பறைகளுக்குச் செல்கின்றன. அவற்றை நம்பி முகமறியாப் பிள்ளைகள் கற்கின்றனர். சில்லுக்கு நூலகம் செய்பவருக்கு உரிய அறம் நமக்கும் உரியதே. செய்தவர் பெயர், செய்த நாள், எடுத்த இடம், எந்த வகுப்புக்கு உரியது, முன்னைப் பதிப்பில் திருத்தியது என்ன என்னும் ஐந்து வரிகளை ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதத் தொடங்குவோமாயின், அதுவே நாம் எழுதும் பாயிரமாகும்.

கொடுத்தபின் கடமை முடிந்ததா? உழைக்கும் கடமை முடியலாம். உண்மை சொல்லும் கடமை, கொடுத்த பொருள் பிறர் கையில் இருக்கும்வரை முடிவதில்லை.

தோட்டத்துக் கருவி இப்பொழுது ஒழுங்காக உழைக்கிறது. அம்மாணவி தன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. மாறாக, தான் எழுதிய நிரலின் முதல் வரிகளில் தன் பெயரையும், நாளையும், எந்தப் பதிப்பில் இயங்கும் என்பதையும் எழுதியிருக்கிறாள். அதன்கீழ், "அடுத்த ஆண்டு இதைப் பயன்படுத்துபவருக்கு" என்று தொடங்கி, மழை நாளில் உணரி சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது என்ற குறையையும் குறித்திருக்கிறாள். நான் கற்பித்தது அன்று அது. மூன்று சனிக்கிழமைகள் அவளுக்குக் கற்பித்தது.